ஐஐஓ டிரைவர்: அடுத்தடுத்து படித்தால் 0 வருகிறது, சென்சாரும் தூங்குவதில்லை

கேள்வி:
ராஸ்பெரி பை 4, லினக்ஸ் கெர்னல் 6.1. ஐ2சி (இருகம்பி இணைப்பு) ஒளி சென்சார் ஒன்றுக்கு ஐஐஓ (கெர்னலின் சென்சார் துணையமைப்பு) டிரைவர் எழுதுகிறேன். ரன்டைம் பிஎம் (பயன்படாதபோது சாதனத்தைத் தூங்கவைக்கும் வசதி) சேர்த்த பிறகுதான் இந்தச் சிக்கல். ஆட்டோசஸ்பெண்ட் (கடைசிப் பயன்பாட்டுக்குப் பின் தூங்கும் வரையிலான நேரம்) 2000 மில்லிநொடி. பூட் ஆனதும் முதல் ரீடிங் சரி, 412. ஐந்து நொடி விட்டு எடுத்தாலும் சரி. இரண்டு நொடிக்குள் மறுபடி எடுத்தால் 0. பிழை எதுவும் காட்டுவதில்லை, கெர்னல் லாகும் சுத்தம். அதன் பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் 0தான். ரன்டைம்_ஸ்டேட்டஸ் 'ஆக்டிவ்' என்றே நிற்கிறது. ரீடிங் எடுக்கும் ரீட்_ரா செயற்கூறு இப்படித் தொடங்குகிறது:

ரெட் = பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க்(டெவ்);
இஃப் (ரெட்)
    ரிட்டர்ன் ரெட்;

சிப் எழுந்திருக்க ரெஸ்யூமில் 20 மில்லிநொடி கொடுத்திருக்கிறேன். அது போதவில்லையா?

பதில் 1:
தாமதம் போதாவிட்டால் தூங்கி எழுந்த ரீடிங்தான் கெடும். உங்களுக்கு விழித்திருக்கும்போது கெடுகிறது. பவர் அடைவில் 'கன்ட்ரோல்' என்ன காட்டுகிறது? 'ஆன்' என்றிருந்தால் சாதனம் எப்படியும் தூங்காது. ரன்டைம்_யூசேஜ் எண்ணையும் (சாதனத்தை இன்னும் பிடித்து வைத்திருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கை) சொல்லுங்கள். அந்தக் கோப்பு இல்லையென்றால் பிஎம் அட்வான்ஸ்டு டீபக் விருப்பத்தை இயக்கிக் கெர்னலைக் கட்ட வேண்டும்.

கேட்டவர்:
கன்ட்ரோல் 'ஆட்டோ'. யூசேஜ் 14. இதுவரை 0 வந்ததும் சரியாக 14 முறை.

பதில் 2:
அந்த 14தான் விடை. சாதனம் ஏற்கெனவே விழித்திருந்தால் கெட்_சிங்க் 1 திருப்பித் தரும். அது வெற்றிதான், எதிர்ம எண் மட்டுமே பிழை. உங்கள் இஃப் அந்த 1-ஐப் பிழை என்று எடுத்துக்கொண்டு சென்சாரைப் படிக்காமலே வெளியேறுகிறது. ஐஐஓவிலோ ரீட்_ரா 1 தந்தால் 'முழு எண் தயார்' என்று பொருள், ஐஐஓ_வேல்_இன்ட்டின் மதிப்பே 1. அதனால் யாரும் நிரப்பாத மாறியில் கிடந்தது அப்படியே அச்சாகிறது. உங்கள் கெர்னலில் அது 0. வேறொரு கட்டமைப்பில் குப்பை எண்ணாக வந்திருக்கும். பிழைச் செய்தி இல்லாமல் போனதும் இதனால்தான்.

கெட் யூசேஜ் எண்ணிக்கையை ஒன்று ஏற்றும், புட் அதை இறக்கும். வெளியேறும் வழியில் புட் இல்லை என்பதால் எண்ணிக்கை ஒன்று கூடியே நிற்கிறது. எண்ணிக்கை 0 ஆகாமல் சஸ்பெண்ட் நடக்காது, சஸ்பெண்ட் நடக்காததால் அடுத்த அழைப்பும் 1 தருகிறது. முதல் தவறுக்குப் பிறகு மீளாமல் போவது இப்படித்தான்.

'ரெட் < 0' என்று மாற்றினால் மட்டும் பாதிதான் தீரும். கெட்_சிங்க் தோற்றாலும் எண்ணிக்கையை ஏற்றிவிட்டுத்தான் தோற்கும். பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட் போடுங்கள், 5.10 முதல் இருக்கிறது. வெற்றி என்றால் 0. தோற்றால் ஏற்றியதைத் தானே இறக்கிவிடும். உங்கள் இஃப் வரி அப்படியே இருக்கலாம். ஐ2சி பரிமாற்றம் பாதியில் தோற்கும் வழிகளும் மார்க்_லாஸ்ட்_பிஸி, புட்_ஆட்டோசஸ்பெண்ட் இரண்டையும் கடந்தே போக வேண்டும். ஒரே 'அவுட்' லேபிளுக்குக் கொண்டுவருவது நல்லது.

கேட்டவர்:
மாற்றி, மாட்யூலை நீக்கி மறுபடி ஏற்றினேன். ரீடிங் எல்லாம் சரி. ஆனால் இன்னும் 'ஆக்டிவ்', யூசேஜ் 14. லாகில் புதிதாக 'அன்பேலன்ஸ்டு பிஎம்_ரன்டைம்_எனேபிள்' என்று ஒரு வரி.

பதில் 2:
பழைய மாட்யூல் கசியவிட்ட 14 அது. எண்ணிக்கை டிரைவரில் இல்லை, சாதனத்தின் ஸ்ட்ரக்ட் டிவைஸில் இருக்கிறது. டிரைவரை மாற்றினாலும் அழியாது. ரீபூட் செய்து சோதியுங்கள்.

லாக் வரி தனிச் சிக்கல்: ரிமூவில் (டிரைவர் நீங்கும்போது ஓடும் பகுதி) பிஎம்_ரன்டைம்_டிஸேபிள் இல்லை. முதலில் ஐஐஓ சாதனத்தைப் பதிவுநீக்குங்கள், பிறகு டோன்ட்_யூஸ்_ஆட்டோசஸ்பெண்ட், டிஸேபிள். அப்போதும் சிப் விழித்திருந்தால் நீங்களே அணைத்துவிட்டு செட்_சஸ்பெண்டட் சொல்ல வேண்டும். புரோபிலும் (டிரைவர் ஏறும்போது ஓடும் பகுதி) பாருங்கள்: ரன்டைம் பிஎம் எந்தச் சாதனத்தையும் 'சஸ்பெண்டட்' என்றே தொடங்கும். நீங்கள் சிப்பை இயக்கிவிட்டிருந்தால் எனேபிளுக்கு முன் செட்_ஆக்டிவ் வர வேண்டும். இல்லையேல் சிப்புக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரை இரண்டு முறை இயக்கி ஒருமுறைதான் அணைப்பீர்கள். ஸ்டேட்டஸ் 'சஸ்பெண்டட்' என்று சொல்லும், சிப்புக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும்.

கேட்டவர்:
செட்_ஆக்டிவும் விடுபட்டிருந்தது, சேர்த்தேன். ரீபூட்டுக்குப் பின் இடைவிடாமல் 50 ரீடிங், எல்லாம் சரி. இரண்டு நொடியில் 'சஸ்பெண்டட்', யூசேஜ் 0. மாட்யூலை மூன்று முறை எடுத்துப் போட்டும் லாகில் எதுவும் இல்லை. நன்றி.