ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றின் குடிநீருக்கு நிதி: வழிகாட்டுதல் வேண்டும்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேளச்சேரியில் உள்ள எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில் இதை எழுதுகிறேன். 2019 கோடையில் விடியற்காலை நான்கு மணிக்கே குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தவர்கள் நாங்கள். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த அந்த நாட்களை மறக்க முடியாததால்தான், மாதந்தோறும் சிறுதொகை சேர்த்து இன்று 2,40,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். மலாவியிலோ உகாண்டாவிலோ ஒரு கிராமத்தின் குடிநீருக்கும் பள்ளிக் கழிப்பறைக்கும் அதை வழங்க விரும்புகிறோம்.

ஆழ்துளைக் கிணறு தோண்டிய பிறகு என்ன ஆகும் என்பதே என் பெரிய கவலை. 1970களில் யூனிசெப் துணையுடன் நம் நாட்டில் உருவான, சென்னைப் பொறியாளர்களின் பங்களிப்பும் கொண்ட இந்தியா மார்க் 2 அடிபம்பு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பயன்பாட்டில் உள்ளது. ஆனால் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்தாலே தண்ணீர் ஏறாது. மாற்றுவதற்கு உதிரிபாகமும் பழகிய ஆளும் இல்லாவிட்டால் பம்பு துருப்பிடித்து நின்றுவிடும். கழிப்பறைக் குழி நிறைந்தால் அப்புறப்படுத்த ஏற்பாடு இல்லாத இடத்திலும் இதே நிலைதான்.

ஆகவே, நிறுவிய பின்பும் சில ஆண்டுகள் பராமரிப்புக்குப் பொறுப்பேற்று, உள்ளூர்ப் பெண்களுக்கும் பழுதுநீக்கும் பயிற்சி அளிக்கும் தொண்டு நிறுவனங்களை நேரில் அறிந்தவர்கள் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பினால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி) கிடைக்காது என்பதை எங்கள் உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்பும் திட்டம் தனிநபர்களுக்கு மட்டுமே உரியது என்பதால், சங்கத்தின் பணத்தை முறையாக அனுப்பும் வழியைப் பட்டயக் கணக்காளர் எவரேனும் விளக்கினால் பேருதவியாக இருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பொதுக்குழு கூடுகிறது. அதற்கு முன்பாகப் பதில் கிடைத்தால் உறுப்பினர்கள் முன் வைத்து முடிவெடுக்க இயலும்.