செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் ஒரு வேம்பயர்

குறைந்த செலவில் பழைய ஜெட் மாடல் செய்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையதைச் சொல்கிறேன்.

எங்களுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை, அப்பா காலத்திலிருந்து. பகலெல்லாம் வெள்ளி வேலை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் அதே பலகையில் பிளாஸ்டிக் வேலை. இந்தத் தடவை செய்தது டி ஹாவிலண்ட் வேம்பயர் என்ற பழைய பிரிட்டிஷ் போர் விமானம், 1/72 அளவு, அதாவது நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு. இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை 16 சென்டிமீட்டர்தான்.

வேம்பயர் நம் விமானப்படையின் முதல் ஜெட். 1948-ல் வந்தது. அப்புறம் உரிமம் வாங்கி பெங்களூரு எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையிலேயே கட்டினார்கள். 1965 செப்டம்பர் 1 அன்று ஜம்முவின் சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகளைத் தடுக்க முதலில் அனுப்பியதும் இதைத்தான். அன்றைக்கு மட்டும் நான்கு வேம்பயர்கள் திரும்பவில்லை. 1943-ல் முதன்முதலாகப் பறந்த விமானம், எதிரே அதைவிடப் புதிய சேபர் ஜெட். இதைப் படித்த நாளிலிருந்தே ஒரு வேம்பயராவது என் கையால் செய்ய வேண்டும் என்று மனசில் இருந்தது.

ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் பெட்டியில் வரும், அதைத்தான் கிட் என்போம். புது கிட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் வரியும் சேர்ந்து எனக்குக் கட்டுப்படியாகாது. பெங்களூரில் ஒருவர் பாதியில் விட்ட கிட்டை 650 ரூபாய்க்குக் கொடுத்தார். பெட்டி கிழிந்திருந்தது, ஸ்டிக்கர் தாள் இல்லை. பாகங்கள் மட்டும் முழுசாக இருந்தன. கருவிக்குச் செலவே இல்லை. சாமணம், அரைவட்ட அரம், பூதக்கண்ணாடி எல்லாம் பட்டறையில் இருப்பவைதான். கொலுசுச் சலங்கையைப் பிடித்துப் பழகிய சாமணத்துக்கு இந்தச் சக்கரமெல்லாம் பெரிய சாமான்.

வேம்பயரின் வால் இரட்டைத் தண்டில் நிற்கும். அந்தக் காலத்து இன்ஜினுக்கு உந்துவிசை குறைவு. புகைக்குழாய் நீளமானால் அதிலும் கொஞ்சம் போய்விடும். அதனால் உடம்பைக் குட்டையாக நிறுத்திவிட்டு, வாலை இரண்டு பக்கமும் தண்டு வைத்துப் பின்னால் தள்ளினார்கள். மாடல் செய்கிறவனுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. எடையெல்லாம் பின்பக்கம் போய், மூக்குச் சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். உடம்பின் இரண்டு பாதியையும் ஒட்டுவதற்கு முன்னால் டேப் போட்டுச் சக்கரத்தின் மேல் நிற்க வைத்துப் பாருங்கள். மூக்கில் ஒவ்வொரு பால்ரஸ் குண்டாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எனக்கு ஏழு குண்டு போட்டதும் மூக்கு இறங்கியது, எட்டாவதையும் போட்டு எம்-சீல் வைத்து அடைத்தேன். குண்டுகள் சைக்கிள் கடையில் சும்மா கொடுத்தவை.

ஒரு தப்பும் செய்தேன். இடது தண்டில் பசை வழிந்துவிட்டது என்று பஞ்சில் என்சி தின்னரைத் தொட்டுத் துடைத்தேன். பெயிண்ட் கடைத் தின்னர் இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் எடுத்துவிட்டேன். தண்டு மெழுகு மாதிரி இளகி, என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. இரண்டு நாள் காயவிட்டு, பள்ளத்தை நிரப்பி, அரைவட்ட அரத்தால் மறுபடி உருட்டி எடுத்தேன். எனாமல் பெயிண்டைத் துடைக்க டர்பன்டைன் போதும். என்சி தின்னரை வேலைப் பலகைக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாடலை ஒட்டிமுடித்துப் பலகையில் வைத்திருந்தேன். பேத்தியின் கொலுசுக்குக் கொக்கி மாற்ற ஒரு பெரியவர் வந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கொலுசை நீட்டின கை அப்படியே நின்றது. "இது வேம்பயர்தானேப்பா?" என்றார். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவராம். கையில் எடுத்து மூக்கிலிருந்து கண்ணாடிக் கூடு வரை கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். இரண்டாவது தடவையும் தடவிவிட்டுச் சொன்னார்: "தம்பி, இந்த முன்பாகம் மரம். மரத்துல ஏது தகடு ஜாயிண்டு? இந்தக் கோடெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. விமானி உட்காரும் உடம்புப் பகுதி பிளைவுட்டுக்கு நடுவே பால்சா மரம் வைத்து அழுத்திச் செய்தது என்று படித்திருக்கிறேன். இறக்கையும் தண்டும்தான் உலோகம். படித்தது தலையில் இருந்தது, கைக்கு வரவில்லை. கிட் செய்தவர்கள் உலோக விமானம் மாதிரி உடம்பு முழுக்கத் தகடு இணைப்புக் கோடுகளைக் கீறி வைத்திருந்தார்கள். நானும் அது அழகாக இருக்கிறது என்று ஊசியால் இன்னும் ஆழமாக்கி வைத்திருந்தேன்.

அன்று ராத்திரியே அடைக்க உட்கார்ந்தேன். ஃபெவிக்விக் ஒரு சொட்டு, முகப்பவுடர் ஒரு சிட்டிகை. பல்குச்சியால் குழைத்துக் கோட்டில் இழுத்தால் பல்லி முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக இறுகும். ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் தேயும். வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) 400 நம்பர், அப்புறம் 800, கடைசியில் 1200, தண்ணீர் தொட்டுத் தொட்டு. கண்ணால் பார்த்தால் சரியாகத்தான் தெரியும், கண்ணை மூடி நகத்தை ஓட்டினால் எங்கேயாவது தட்டும். மூன்று ராத்திரி ஆனது.

மரம் என்று புரிந்ததும் இன்னொன்றும் புரிந்தது. வெள்ளி நிற வேம்பயர் என்றால் பளபளக்கும் வெறும் தகடு என்று நினைத்து அலுமினிய ஃபாயில் ஒட்டுகிறவர்கள் உண்டு. மரத்தில் ஏது பளபளப்பு? அது பூசின வெள்ளி நிறம். ஹார்டுவேர் கடை அலுமினியம் பெயிண்டே பொருத்தம், சின்ன டப்பா 60 ரூபாய். பிரஷ்ஷில் அடித்தால் கோடு விழும் என்று பைக்குக்குப் பெயிண்ட் அடிக்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். டர்பன்டைன் கலந்து துப்பாக்கியில் இரண்டே வீச்சு. காசு வாங்கவில்லை.

விமானப்படையின் மூவண்ண வட்டக் குறிக்கு ஸ்டிக்கர் பொட்டு. கம்பாஸால் வெட்டிப் பார்த்து நொந்துபோயிருந்தபோது வீட்டம்மா கொடுத்த யோசனை இது. முதலில் பச்சை அடித்து அதன்மேல் சின்னப் பொட்டு. அதைச் சுற்றி வெள்ளை அடித்து நடுத்தரப் பொட்டு. பிறகு காவி அடித்துப் பெரிய பொட்டு. எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளி நிறம். காய்ந்ததும் சாமணத்தால் ஒவ்வொன்றாக உரித்தால் மூன்று வளையமும் அச்சடித்த மாதிரி நிற்கும். வெல்வெட் பொட்டு வேண்டாம். அதன்மேல் அடுத்தது ஒட்டாது, ஓரத்தில் பெயிண்டும் கசியும்.

பிரைமர் டப்பா 220, அக்ரிலிக் மூன்று பாட்டில் 90, பொட்டு 20, ஃபெவிக்விக் 20. கிட், அலுமினியம் பெயிண்டோடு சேர்த்து மொத்தம் 1,060 ரூபாய். பெரியவர் கொலுசு வாங்க இன்னும் வரவில்லை.

*

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன், பள்ளியில் டீச்சர். எங்களுக்குப் பிளாஸ்டிக் கிட் எட்டாது, அதனால் அட்டையில் செய்தோம். ஸ்ரீநகரில் 1971 டிசம்பர் 14 அன்று தனியாகச் சண்டையிட்டு உயிர்விட்ட நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டியது நேட் என்ற குட்டிப் போர் ஜெட். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அவரைப் பற்றிச் சொன்னதும் பிள்ளைகள் அந்த விமானம்தான் வேண்டும் என்றார்கள். சேலத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் வெட்டுத்துண்டு அட்டையை எடைக்குப் போட்டு வாங்கினேன். 1/33 அளவில் செய்தோம். ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம்.

வெட்டுவதும் ஒட்டுவதும் பிள்ளைகளுக்குக் கஷ்டமே இல்லை. பனிமூட்டத்தை நினைத்தால்தான் இன்னும் அலுப்பாக இருக்கிறது. ஐப்பசியில் ஆரம்பித்தது எங்கள் தப்பு. காலையில் உருட்டி ஒட்டின குழாய் சாயங்காலம் ஈரம் குடித்து முட்டை வடிவமாகிவிடும். உள்ளே ஒவ்வொரு இரண்டு சென்டிமீட்டருக்கும் வட்ட வில்லை வைத்த பிறகுதான் நின்றது. கடைசியில் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். வெளியே மூட்டம், பத்து நிமிஷத்தில் இறக்கை முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெளுத்துப்போனது. ஒரு பையன் அழுதேவிட்டான். சனிக்கிழமை அந்த நேட்டைச் செருப்புப் பெட்டிக்குள் வைத்து, இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் பிடித்தபடி பஸ்ஸில் இறங்கினேன். அம்மாபேட்டையில் அக்கா வீட்டு மொட்டை மாடியில், உச்சிவெயிலில் லேசாக இன்னொரு பூச்சு கொடுத்தேன். என் கண்ணெதிரே வெளுப்பு மறைந்தது. மலையில் இருப்பவர்கள் பூச்சு வேலையை மட்டும் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

*

ஓமலூர்ப் பக்கம். கண்ணாடிக் கூடு பற்றிச் செவ்வாய்ப்பேட்டைக்காரர் சொல்லவில்லையே. என் மிக்-15 ஜெட் மாடலுக்கு அதை ஃபெவிக்விக்கில் ஒட்டினேன், அதன் ஆவி உள்ளே படிந்து கண்ணாடி புகை பிடித்த மாதிரி ஆகிவிட்டது. உள்ளே கை போகாது, ஒன்றும் செய்ய முடியவில்லை. கண்ணாடிக்கு மட்டும் சாதா ஃபெவிகால் போதும், காய்ந்ததும் தெளிந்துவிடும். வெளிக் கீறல்களைப் பல் தேய்க்கும் பேஸ்ட்டை ஈரத்துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்துப் போக்கலாம். அரை மணி நேரமாவது தேய்க்க வேண்டும்.

*

மறுபடி செவ்வாய்ப்பேட்டை. ஓமலூர்க்காரர் சொன்னது சரி, நானும் ஃபெவிகால்தான் வைத்தேன், எழுத விட்டுப்போனது. டீச்சரம்மா, அடுத்த தடவை கீழே வரும்போது நேட்டைப் பட்டறைக்குக் கொண்டு வாங்க, பையன்களையும் கூட்டிட்டு வாங்க.

நேற்று பெரியவர் வந்தார். கொலுசைப் பார்க்கவே இல்லை. "எங்க அது?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மூக்கிலிருந்து கண்ணாடி வரை கட்டைவிரலை ஓட்டினார். பிறகு இன்னொரு பக்கம். திருப்பி அடிவயிற்றில் நாலு பீரங்கித் துளையும் இருக்கிறதா என்று எண்ணினார். "ம், இப்ப மரம்" என்று மட்டும் சொன்னார்.

பலகையில் நிற்க வைத்தார். பின்னால் வாலை ஒற்றை விரலால் அழுத்தி மூக்கைத் தூக்கிப் பிடித்தார். விரலை எடுத்தார். டக்கென்று மூக்குச் சக்கரம் வந்து பலகையில் உட்கார்ந்தது. அப்போதுதான் சிரித்தார். மறுபடி அழுத்தினார்.