தெரு ஓவியம் வாங்கி வைத்தால் பிற்காலத்தில் பணமாகுமா?

தூரிகை:
கொஞ்சம் சேமிப்பு கையில் இருக்கிறது. தெருவில் வரைந்து பெயர் வாங்கிய ஓவியர் ஒருவர் கையெழுத்துப் போட்டு வெளியிட்ட சில்க் ஸ்க்ரீன் பிரிண்ட் (துணிச் சல்லடை வழியாக மை தேய்த்து அச்சிட்ட படம்) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. மொத்தமே 150 பிரதிகள்தான். பத்துப் பதினைந்து வருடம் வைத்திருந்து விற்கலாம் என்று யோசனை. வீட்டில் "பேசாமல் வங்கியில் போடு" என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சுவர்க்கோழி:
தாராளமாக வாங்குங்கள். நியூயார்க்கின் மன்ஹாட்டன் சுவர்களில் 'சேமோ' என்ற பெயரில் ஸ்ப்ரே பெயின்ட்டால் எழுதித் திரிந்தவர்தான் பாஸ்கியா. 1982இல் அவர் வரைந்த தலைப்பில்லாத ஓவியம் ஒன்று 1984 ஏலத்தில் 19,000 டாலருக்குப் போனது. அதே ஓவியம் 2017 மே மாதம் 11.05 கோடி டாலர்! 33 வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆண்டுக்குச் சுமார் 30 சதவீதம் கூட்டு வட்டி. எந்த வைப்பு நிதி இதைத் தரும்?

இன்னொன்று. 2013 அக்டோபரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் பக்கத்தில் ஒரு வயதானவர் சின்னக் கடை போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டென்சில் ஓவியம் (வெட்டிய அச்சு அட்டை வைத்துத் தீட்டியது) ஒன்று 60 டாலர். நாள் முழுக்க ஜனங்கள் பார்த்துவிட்டு நடந்தார்கள். மொத்த வியாபாரம் 420 டாலர். எல்லாம் முகம் காட்டாத பிரபல தெரு ஓவியர் பேங்க்சியின் அசல் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதில் இரண்டு ஓவியங்கள் அடுத்த வருடம் லண்டன் ஏலத்தில் 1,20,000 பவுண்டுக்கு மேல் போயின.

கணக்கன்:
சுவர்க்கோழி, நீங்கள் ஜெயித்த குதிரையை மட்டும் காட்டுகிறீர்கள். பாஸ்கியா எழுதிய அதே சுவர்களில் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் எழுதினார்கள். அவர்களில் எத்தனை பேரின் படம் இன்று ஏலத்துக்கு வருகிறது?

தூரிகை, கட்டணத்தையும் பாருங்கள். ஏலத்தில் சுத்தியல் 10,000இல் விழுந்தது, அதாவது கடைசிக் கேள்வி விலை அது என்று வையுங்கள். வாங்குபவர் அதற்கு மேல் ஏல நிறுவனத்துக்குச் சுமார் 25 சதவீதம் கட்ட வேண்டும், ஆக 12,500. விற்பவரிடம் 10 சதவீதம் பிடித்தால் அவர் கைக்கு வருவது 9,000. நடுவில் 3,500 காணாமல் போகிறது. அதாவது 12,500 கொடுத்து வாங்கியவர் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கவே, அடுத்த முறை சுத்தியல் 13,900 பக்கத்தில் விழ வேண்டும். அதுவரை வட்டியும் கிடையாது, வாடகையும் கிடையாது.

சுவர்க்கோழி:
கட்டணம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல படைப்பு அதையும் தாண்டி ஏறும். 2018இல் ஏலக்கூடத்திலேயே, படச் சட்டத்துக்குள் ஒளித்துவைத்த கருவியால் பாதி கிழிந்து இறங்கியதே, பேங்க்சியின் பலூன் சிறுமி, அதை வாங்கியவர் கொடுத்தது சுமார் 10 லட்சம் பவுண்டு. மூன்றே வருடத்தில் 1.85 கோடி பவுண்டு.

கணக்கன்:
உலகமே பார்த்துக்கொண்டிருந்த சம்பவம் அது. விலை ஏறியது அந்த இரவுக்கு. 150 பிரதியில் ஒன்றுக்கு அப்படி ஒரு இரவு வராது. அதே பேங்க்சியின் பிரிண்ட் விலைகள் 2020, 2021இல் மளமளவென்று ஏறி, பிறகு கணிசமாக இறங்கின. உச்சத்தில் வாங்கியவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

மரச்சட்டம்:
என் கதையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு பிரிண்ட் வாங்கினேன். ஆசையாகச் சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். விற்கலாம் என்று போன வருடம் கழற்றியபோதுதான் பார்த்தேன். படத்தைச் சுற்றி அட்டை தொட்ட இடமெல்லாம் பழுப்புக் கோடு. அமிலம் கலந்த மலிவு அட்டை. வெயில் பட்ட பக்கம் சிவப்பு வெளிறி ஆரஞ்சாகிவிட்டது. பின்னால் சட்டக்காரர் ஒட்டிய செலோ டேப் காகிதத்தோடு ஊறிப்போய், உரித்தால் தாளும் சேர்ந்து வருகிறது. பார்க்க வந்தவர் பூதக்கண்ணாடி வைத்து ஓரத்தைப் பார்த்தார், ஓரத்தை வெட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார். சட்டத்துக்குள் அடங்குவதற்காக அரை அங்குலம் வெட்டியிருந்தார்கள், எனக்கே அன்றுதான் தெரியும். வாங்கிய விலையில் பாதிகூடச் சொல்லவில்லை. இத்தனைக்கும் அந்த ஓவியரின் பெயர் இடையில் வளர்ந்துதான் இருக்கிறது.

இன்னும் அதை என் வீட்டில்தான் வைத்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன், பிடிக்கிறது.

நிலவொளி:
பிரிண்ட் எதற்கு, சுவரையே பெயர்த்து விற்கிறார்களே, அதை வாங்கலாமே என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். 2012இல் வடக்கு லண்டனில் ஒரு கடையின் பக்கச் சுவரில் பேங்க்சி ஒரு சிறுவனை வரைந்தார். மண்டியிட்டுத் தையல் மெஷினில் கொடித் தோரணம் தைக்கிற சிறுவன். அடுத்த பிப்ரவரியில் அந்தச் சுவர்த் துண்டையே அறுத்தெடுத்து மியாமி ஏலத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊர் மக்கள் எதிர்த்து நின்றதில் ஏலம் கைவிடப்பட்டது. ஆனால் அதே ஜூனில் லண்டனில் விற்றுவிட்டார்கள். அந்தத் தெருவில் தினமும் நடப்பவர்களுக்காக வரைந்தது அது. காசு கொடுத்து வாங்கியவர் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்றுதான் நான் சொல்வேன்.

சட்டச் சிக்கலும் உண்டு. இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோன் ஊரில் கட்டடக் குத்தகைக்காரர் இப்படி ஒன்றை வெட்டியெடுத்தார். அது கட்டட உரிமையாளருக்குச் சொந்தம் என்று 2015இல் லண்டன் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சுவர்க்கோழி:
இதில் நிலவொளியோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன். பேங்க்சியின் படைப்புகளுக்குச் சான்று தருகிற 'பெஸ்ட் கண்ட்ரோல்' தெருவில் வரைந்ததற்குச் சான்றிதழே தருவதில்லை. பிரிண்டுக்குத் தருகிறார்கள். இளவரசி டயானா முகம் போட்ட பத்து பவுண்டு போலி நோட்டைக் கிழித்து, ஒரு பாதியைச் சான்றிதழில் பின் அடித்திருப்பார்கள். மறு பாதி அவர்களிடம். இரண்டும் பொருந்தினால்தான் அசல். அதனால்தான் சான்றிதழ் உள்ள பிரிண்டை வாங்கச் சொல்கிறேன்.

கணக்கன்:
அந்த வசதி எல்லா ஓவியருக்கும் இல்லையே! பாஸ்கியா, அவர் காலத்து நியூயார்க் ஓவியர் கீத் ஹேரிங் இருவரின் படைப்புகளுக்கும் சான்று கொடுத்துவந்த குழுக்கள் 2012இல் நிறுத்திக்கொண்டன. 2022 ஜூனில் அமெரிக்காவின் ஒர்லாண்டோ அருங்காட்சியகத்திலிருந்து பாஸ்கியா பெயரில் இருந்த 25 ஓவியங்களை எஃப்பிஐ எடுத்துப்போனது. அதில் ஒன்று ஃபெடெக்ஸ் கூரியர் நிறுவனத்தின் அட்டைப்பெட்டியில் வரைந்தது. அந்த அட்டையில் இருந்த எழுத்துருவை நிறுவனம் பயன்படுத்தத் தொடங்கியது 1994இல். பாஸ்கியா இறந்தது 1988இல். அருங்காட்சியகமே ஏமாறுகிற இடத்தில் நம் சேமிப்பை எப்படி வைப்பது?

தூரிகை:
எல்லோருக்கும் நன்றி. இந்த ஓவியர் உயிரோடு இருக்கிறார், சான்றிதழ் அவருடைய ஸ்டூடியோவே தருகிறதாம். விற்பவரிடம் சான்றிதழ் எண்ணும், பிரிண்டின் பின்பக்கப் படமும், நான்கு ஓரங்களின் படமும் கேட்டிருக்கிறேன். முன்பக்கப் படம் மட்டும் உடனே வந்தது. மற்றவை வரட்டும் என்று காத்திருக்கிறேன். வந்தாலும் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடப் போவதில்லை. மரச்சட்டம் சார், அமிலம் இல்லாத அட்டை என்பதைச் சட்டம் போடுகிறவரிடம் எப்படிக் கேட்டு உறுதி செய்வது?

மரச்சட்டம்:
முழுக்கப் பருத்தியில் செய்த அட்டை வேண்டும் என்று கேளுங்கள். ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டித் தரச் சொல்லி, ஒரு மாதம் வெயிலில் வையுங்கள். மஞ்சளானால் அந்தக் கடை வேண்டாம்.