சிட்னியில் ‘2பி’ தெருவில் நாள் முழுக்க வண்டி: நியாயத்தை எப்படி எழுதலாம்?

வணக்கம். வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குக் கார் நிறுத்துவது பற்றி ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. சட்டம் எழுதியாயிற்று; நேரக் கட்டுப்பாடுள்ள தெருவில் நாள் முழுக்க நிறுத்துவது ஏன் சரியில்லை என்ற நியாயத்தில்தான் இடிக்கிறது.

தெருப் பலகையில் பச்சை எழுத்தில் ‘2பி’ (2P) என்றால் இரண்டு மணி நேரம்தான் நிறுத்தலாம். அம்புக்குறி காட்டும் பக்கம், பலகையில் உள்ள கிழமை, நேரம் மட்டும். மதிய இடைவேளையில் ஓடிப்போய் வண்டியை நாலடி தள்ளி நிறுத்துவது வீண் வேலை. அந்தப் பலகைக்கு உட்பட்ட நீளத்தை விட்டே வண்டி வெளியேறினால்தான் கணக்கு புதிதாகும். நேரத்தைக் கணக்கிட அதிகாரி டயரில் போட்ட சாக்பீஸ் கோட்டை அழித்தாலும் பயனில்லை. நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா வண்டிகள் வந்துவிட்டன.

"அபராதம் கட்டிவிட்டால் கணக்கு தீர்ந்தது" என்பவருக்கு என்ன பதில்? காலை 8 முதல் மாலை 6 வரை ஓர் இடம் ஐந்து வண்டிகளுக்கு உதவும். ஒருவரே பிடித்துக்கொண்டால், அம்மாவை டாக்டரிடம் கூட்டிவந்தவர் தெருவைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அபராதப் பணம் அவர் கைக்கா போகிறது?

ஆனால் பாதித் தெரு காலியாகக் கிடந்தால்? பஸ் ஓடாத நேரத்தில் ஷிஃப்ட் தொடங்கும் நர்ஸுக்கு? செவன் ஹில்ஸ் ரயில் நிலையத்தின் பார்க் அண்ட் ரைடில் (பயணிகள் கார் நிறுத்தத்தில்) வண்டியை விட்டு, ஓப்பல் கார்டோடு (பஸ், ரயில் கட்டண அட்டை) ரயிலேறினால் 18 மணி நேரம் இலவசம்; அது எல்லோருக்கும் ஒத்துவராது.

இந்த இரண்டுக்கும் குறிப்பில் விலக்கு தரலாமா, கூடாதா? காரணத்தோடு சொல்லுங்கள். வெஸ்ட்மீட் பக்கம் வேலை செய்பவர்கள் வேறு வழி தெரிந்தாலும் எழுதுங்கள்.