சிறுவர் நலநிதியை எங்கே செலவிடுவது: முன்பள்ளி பற்றிய ஒரு முன்மொழிவு

அன்பார்ந்த ஊரவர்களுக்கும் வெளிநாடுகளிலுள்ள எமது ஊர்ச் சங்கக் கிளைகளின் செயற்குழுவினருக்கும் வணக்கம்.

அடுத்த ஆண்டுக்கான சிறுவர் நலநிதியை எதற்குப் பயன்படுத்துவது என்று பொருளாளர் கேட்டிருந்ததற்கு வந்த மறுமொழிகளை வாசித்தேன். தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தோருக்குப் பரிசளிப்பு, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடங்களிலும் ஏ பெற்றோருக்கு மடிக்கணினி, பாடசாலை முகப்புக்கு ஒரு வளைவு ஆகிய மூன்றையுமே அவற்றுட் பெரும்பாலானவை சொல்கின்றன. இவற்றில் எதுவும் தீய செயல் அன்று. ஆயினும் முதல் இரண்டும் ஏற்கெனவே நன்றாகப் படித்துவிட்ட பிள்ளைக்கும், மூன்றாவது வீதியால் போகிறவரின் கண்ணுக்கும் உரியவை. நிதியின் பெரும்பகுதியைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு ஊர் முன்பள்ளிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது எனது முன்மொழிவு. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

புலமைப்பரிசிலின் வரலாற்றை முதலில் நினைத்துப் பார்ப்பது நல்லது. 1945 இல் இலங்கையில் இலவசக் கல்வியை நடைமுறைக்குக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளை நிறுவியபோது, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுள் திறமையுள்ளோரைத் தெரிவுசெய்து அங்கே படிக்கச் செய்வதற்கே அத்தகைய பரீட்சை தேவைப்பட்டது. இன்று அது பத்து வயதுப் பிள்ளையைப் பெயர்பெற்ற நகரப் பாடசாலைக்குள் சேர்ப்பதற்கான போட்டியாகிவிட்டது. தரம் மூன்றிலேயே ரியூசன் தொடங்குகிறது. பெறுபேறு வெளியானதும் 200 இற்கு எத்தனை என்ற எண்ணோடு பிள்ளையின் முகம் சந்தியில் பதாகையாகத் தொங்குகிறது. வெட்டுப்புள்ளிக்கு இரண்டு மூன்று புள்ளிகள் குறைந்த பிள்ளையும் அந்தச் சந்தியைக் கடந்துதான் பாடசாலைக்குப் போக வேண்டும். ஒஸ்லோவிலோ ரொறன்ரோவிலோ எமது சொந்தப் பிள்ளையின் புள்ளியை எவராவது இப்படித் தெருவில் தொங்கவிட்டால், நாம் மறுநாளே வழக்கறிஞரைத் தேடுவோம். ஊரிலே அதே பதாகையின் அடியில் சங்கத்தின் பெயரைப் போடுவதற்கு நாமே பணம் அனுப்புகிறோம்.

எமது ஊர் 1990 ஆனியில் போரினால் வெறுமையானதையும், யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கின் ஏனைய பல ஊர்களைப் போல இராணுவத்தின் பிடியிலிருந்து பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டதையும் இங்கே எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதன் விளைவைச் சிறு பிள்ளைகளின் பக்கத்தில் நின்று நாம் போதியளவு எண்ணிப் பார்த்ததில்லை. நாங்கள் வளர்ந்த காலத்தில் ஒரு வளவுக்குள் அம்மம்மா, பெரியம்மா, மாமி, ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று பலர் இருந்தார்கள்; தாய் தோட்டத்துக்குப் போனாலும் பிள்ளைக்குச் சோறு போட யாராவது இருந்தார்கள். இன்று திரும்பி வந்த குடும்பங்கள், இடையில் பற்றைக் காணிகளும் பூட்டிய வீடுகளும் கிடக்க, ஒன்றுக்கொன்று தொலைவில் வாழ்கின்றன. (பூட்டிய வீடுகளிற் பல எங்களுடையவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) இன்றைய இளம் பெற்றோரிற் பலர் நலன்புரி முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் வளர்ந்தவர்கள். தகப்பன் கடலுக்கோ நாட்கூலிக்கோ, தாய் வெங்காயத் தோட்டத்துக்கோ நகரத்துக் கடைக்கோ சென்ற பின்னர், மூன்று வயதுப் பிள்ளை முதியவர் ஒருவரின் பொறுப்பிலும் கைத்தொலைபேசியின் முன்பும் விடப்படுகிறது. அந்தத் தொலைபேசியும் பெரும்பாலும் நாம் அனுப்பியதாகவே இருக்கும்.

பிள்ளை கருவில் உருவாவது முதல் இரண்டாவது பிறந்தநாள் வரையான ஏறத்தாழ 1000 நாட்களில் உடலும் மூளையும் வளரும் வேகம் பின்னர் ஒருபோதும் வருவதில்லை என்பதும், அக்காலத்தில் ஏற்பட்ட உயரக் குறைவைப் பிற்காலத்து உணவால் முழுமையாக ஈடுசெய்வது கடினம் என்பதும் மருத்துவ உலகம் நன்கு அறிந்த விடயங்கள். 2022 இல் நாடு வங்குரோத்தான நாட்களை நினைத்துப் பாருங்கள். பால்மாவுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. முட்டையும் மீனும் எட்டாப் பொருளான அந்த ஆண்டில் தாயின் வயிற்றிலும் மடியிலும் இருந்த பிள்ளைகளே இப்போது முன்பள்ளியில் இருக்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் கிளினிக்கில் பிள்ளையை நிறுத்துப் பதிவேட்டின் வளைகோட்டில் குறிப்பதும், நிறை குறைந்த பிள்ளைகளுக்குத் திரிபோஷா என்ற சத்துமா வழங்குவதும் ஊரில் நீண்டகாலமாக நடந்துவரும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் வீட்டில் நான்கு பேர் பசியோடிருந்தால் ஒரு பிள்ளைக்குக் கொடுத்த திரிபோஷா நான்கு பேருக்கும் உருண்டையாகிறது. அதற்காகத் தாயைக் குறைகூறுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இதனாலேயே, வீட்டுக்குப் பொதி கொடுப்பதிலும் பார்க்க முன்பள்ளியில் சமைத்துக் கொடுப்பது மேலானது என்று கருதுகிறேன். அரச பாடசாலைகளில் ஆரம்ப வகுப்புகளுக்கு மதிய உணவுத் திட்டம் இருக்கிறது. முன்பள்ளிகளுக்கான அரச காலை உணவு தெரிவுசெய்யப்பட்டவற்றுக்கு மட்டுமே கிடைக்கிறது. எமது பிள்ளைகளிற் பலர் காலையில் பிஸ்கற்றும் வெறுந்தேநீரும் குடித்துவிட்டு வருகிறார்கள். உணவோடு சேரும் தேநீர், அந்த உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதையும் குறைத்துவிடும். மாற்று உணவுக்கு வெளியூர்ப் பொருள் எதுவும் தேவையில்லை. முருங்கை இலையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இலைக்கஞ்சி, அவித்த பயறு, உழுத்தங்களி, குரக்கன் பிட்டு, கிழமையில் இரண்டு மூன்று நாட்களுக்கு முட்டை, மீன் மலிந்த காலத்தில் சூடை, கீரி போன்ற சிறுமீன் போட்ட சோறு ஆகியவற்றையே குறிப்பிடுகிறேன். மாதர் சங்கத்தினர் முறைவைத்துச் சமைத்தால் அவர்களுக்கும் ஒரு சிறு வருமானம் கிடைக்கும். முட்டையை ஊருக்குள்ளேயே கோழி வளர்ப்பவர்களிடம் வாங்கலாம். பிள்ளைகள் வந்தவுடனே உணவு கொடுக்க வேண்டும். பத்தரை மணிவரை பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாட்டும் கதையும் ஏறாது.

அடுத்தது முன்பள்ளி ஆசிரியர். தரம் ஒன்றுக்கு முன்னரான கல்வி அரச பாடசாலைக் கட்டமைப்புக்கு வெளியே நிற்பதால், ஊர்ச் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் சமய நிறுவனங்களும் நடத்துகிற முன்பள்ளிகளில் கற்பிப்பவர்கள் அரச ஆசிரியர்களாகக் கருதப்படுவதில்லை. பெற்றோரிடமிருந்து சேரும் சிறு கட்டணமும் மாகாணத்திலிருந்து வரும் ஒரு கொடுப்பனவுமே அவர்களின் வருமானம். மாதம் முழுவதும் உழைத்தாலும் கடையொன்றில் நிற்கும் பெண்ணுக்குக் கிடைப்பது அவர்களுக்குக் கிடைப்பதில்லை. போருக்குப் பின்னர் வன்னியில் பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளிகளைத் தன் கீழ் எடுத்து நல்ல சம்பளம் கொடுத்தபோது, அங்கே சேர்ந்த ஆசிரியைகளைப் புலம்பெயர் மேடைகளில் கடுமையாகக் கண்டித்தார்கள். குழந்தைகளின் கல்வியைப் படைத்தரப்பின் நிழலில் வைக்கக் கூடாது என்ற கண்டனம் சரியானதே. ஆனால் கண்டித்தவர்களுள் எத்தனை சங்கங்கள் அந்தச் சம்பளத்தைத் தாங்கள் கொடுக்க முன்வந்தன என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

ஆசிரியை நிலைத்திருப்பது ஏன் முக்கியம் என்றால், வீட்டுக்கு வெளியே பிள்ளையை நாள்தோறும் பார்க்கிற முதல் வளர்ந்தவர் அவரே. பேச்சுப் பிந்துவதையும், காது சரியாகக் கேளாததையும், ஒரு பிள்ளை திடீரென ஒடுங்கிப் போவதையும், உடம்பிற் காயம் இருப்பதையும் அவரே முதலில் காண்பார். ஆண்டுக்கொருவர் மாறினால் இவை கண்ணிற் படாது. பட்டால் யாரிடம் சொல்வது என்பதற்கும் வழி உண்டு. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்குத் தமிழிலும் முறையிடலாம். ஊரின் மானம் போய்விடும் என்று அடக்கிவைக்கும் பழக்கம் எமக்கு இருப்பதால், அந்த இலக்கத்தை முன்பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதிவைக்கும் செலவையும் திட்டத்திற் சேர்க்குமாறு கேட்கிறேன்.

தண்ணீரைப் பற்றி ஒருவரும் எழுதாதது எனக்கு வியப்பாக இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் தங்கி நிற்கிறது. மேலே உள்ள செம்மண் ஆழமற்றது. ஆகவே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடுகிற உரமும், மலசலகூடக் குழியின் கசிவும் மாரிமழையோடு இலகுவாகக் கிணற்றுக்குள் இறங்கிவிடுகின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில், இவ்வாறு உரத்திலும் கழிவிலும் இருந்து வரும் நைத்திரேற்று மிகுந்திருப்பது பல ஆய்வுகளில் கண்டறியப்பட்ட ஒன்று. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அளவு மிஞ்சிய நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எமது தாய்மார் நம்புகிறார்கள். கொதிக்க வைப்பதால் கிருமிதான் சாகும், நீர் வற்ற வற்ற நைத்திரேற்றின் செறிவு கூடவே செய்யும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்வதற்கு எமது பகுதியில் இதுவும் ஒரு வலுவான காரணம். முன்பள்ளிக் கிணற்றையும், கைக்குழந்தைகள் உள்ள வீட்டுக் கிணறுகளையும் கோடையில் ஒருமுறையும் மாரியில் ஒருமுறையும் பரிசோதிப்பித்து, பெறுபேற்றை அந்தந்த வீட்டாரிடம் எழுத்தில் கொடுப்பதற்கு ஆகும் செலவு, வளைவுக்கு ஆகும் சீமெந்துச் செலவோடு ஒப்பிடுமளவுக்குக்கூட வராது.

விளையாட்டிடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் மைதானம் இளைஞர் கழகத்தின் மென்பந்துக்கும் உதைபந்துக்கும் உரியதாகிவிட்டது. அதை அவர்களிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. முன்பள்ளி வளவில் நிழல் மரமும் மணலும் ஊஞ்சலும் இருந்தாற் போதும். பின்னேரங்களில் அதே வளவைப் பெண்பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால், கிளித்தட்டு மறிப்பதற்கு அவர்களுக்கும் ஓரிடம் கிடைக்கும்.

இனி, பலருக்கும் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உதவி பெறும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அப்பியாசப் புத்தகத்தின் ஒரு முனையைப் பிரதம விருந்தினரும் மறுமுனையைப் பிள்ளையும் பிடித்திருக்க எடுக்கப்படும் படங்களை இத்திட்டத்தில் முற்றாகத் தவிர்க்க வேண்டும். பணம் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கேட்பது நியாயமானது. அதற்குப் பற்றுச்சீட்டும், வங்கிக் கூற்றும், வருகைப் பதிவும், கிளினிக்கில் பதியப்படும் நிறைகளின் பெயர் குறிப்பிடாத தொகுப்பும் போதும். அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் முகநூலில் தன் படத்தைக் காணும்போது வகுப்பறையில் அதற்கு என்ன பெயர் வைக்கப்படும் என்பதை ஊரிற் படித்த எவராலும் ஊகிக்க முடியும்.

“இது அரசாங்கம் செய்யவேண்டிய வேலை, நாம் செய்தால் அது கைகழுவிவிடும்” என்று இலண்டனிலிருந்து ஓர் அண்ணர் எழுதியிருந்தார். அவர் சொல்வதில் உண்மை இருப்பதனாலேயே கட்டடம் கட்டுவதையும் நிரந்தர நியமனம் வழங்குவதையும் நான் முன்மொழியவில்லை. முன்பள்ளி ஆசிரியர்களை நிரந்தரமாக்குமாறு மாகாணத்துக்கு எழுதுவதை நிறுத்தவும் கூடாது. ஆனால் அந்த நியமனம் வரும்வரை மூன்று வயதுப் பிள்ளை மூன்று வயதிலேயே காத்திருக்க மாட்டாது. மூன்று ஆண்டுகள் என்று காலத்தை வரையறுத்ததும் இதற்காகவே. ஒரு தவணை கொடுத்து மறு தவணை நிறுத்துவது, தொடங்காமலே இருப்பதிலும் கூடுதலான கேட்டைச் செய்யும். ஆசிரியை வேறு வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார், அடுப்பும் பாத்திரமும் கடனுக்கு வாங்கப்பட்டிருக்கும்.

ஆகவே கிளைகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான். முதலாவதாக, மூன்று ஆண்டுகளுக்கும் உரிய தொகையை முன்கூட்டியே தனிக் கணக்கில் வைப்பிலிட இயலுமா என்பதை ஒவ்வொரு கிளையும் அறிவிக்க வேண்டும். இரண்டாவதாக, கொடுப்பனவையும் உணவுச் செலவையும் முன்பள்ளியின் பெற்றோர் குழு, ஊரிலுள்ள எமது இணைப்பாளர், கிராம அலுவலர் ஆகிய மூவரின் கண்காணிப்பில் விடுவதற்கு ஒப்புதல் தர வேண்டும். மூன்றாவதாக, நாம் இங்கே தீர்மானம் எடுப்பதற்கு முன்னர், முன்பள்ளித் தாய்மாரை ஒரு பின்னேரம் கூட்டி, அவர்களுக்கு எது முதலில் வேண்டும் என்று கேட்குமாறு இணைப்பாளரைப் பணிக்க வேண்டும். நான் மேலே எழுதிய ஒழுங்கை அவர்கள் மாற்றிச் சொன்னால், அவர்களுடைய ஒழுங்கின்படியே வரவு செலவைத் திருத்தி அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் முன்வைக்கிறேன். வளைவுக்காக ஏற்கெனவே பணம் அனுப்பியவர்கள் அதை இக்கணக்குக்கு மாற்ற விரும்பினால், பொருளாளருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.