மொன்டானா மலையில் சைக்கிள் பாதை: பெருமையா, தொல்லையா?

கரடிக்காடு:
கனடாவின் யூகானில், வைட்ஹார்ஸிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் கார்கிராஸ் என்ற சின்ன ஊர் வரும். அதன் பின்னால் நிற்கும் மொன்டானா மலையில் சைக்கிள் பாதைகள் போட்டதை எல்லாரும் புகழ்கிறார்கள். என்னால் முடியவில்லை. அந்தப் பக்கத்துக் கரிபூ மான்கள் குறைந்துபோனதால், 1990களின் தொடக்கத்தில் பூர்வகுடி மக்கள் தாங்களாகவே வேட்டையை நிறுத்தினார்கள். அவ்வளவு பாடுபட்டுக் காத்த மந்தை திரியும் மலையில் சக்கரத்துக்கு என்ன வேலை?

ஒற்றையடி:
வேட்டையை விட்டவர்களும் பாதை போட்டவர்களும் வேறு வேறு ஆட்கள் இல்லை, நண்பரே. கார்கிராஸ்/டாகிஷ் என்ற அந்தப் பூர்வகுடி மக்கள் 2005ல் நில உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறு வருடமே அவர்களின் பிள்ளைகள் கோடைக்காலச் சம்பளத்துக்கு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள். பெயர் பெற்ற ‘மவுன்டன் ஹீரோ’ பாதையும் புதிதாகக் காட்டை வெட்டிப் போட்டதில்லை. நூறு வருடத்துக்கு முன் வெள்ளிச் சுரங்கத்துக்குப் பொதி சுமந்த வழி அது. கம்பிவடத்தில் தாது இறக்கிய மரக்கோபுரங்கள் இன்னும் அங்கே கிடக்கின்றன. 1900லேயே ரயில் வந்துவிட்ட ஊர் அது. யாரும் மிதிக்காத பூமி என்று நீங்களாகக் கற்பனை செய்துகொண்டு அழுதால் எப்படி?

கரடிக்காடு:
பாதை போட்டவர்களே பாதையால் கெடுதல் இல்லை என்றால், வேலிக்கு ஓணான் சாட்சி! சுரங்கக்காரன் அன்றைக்குக் கீறினான் என்பதற்காக இன்றைக்கு நாமும் கீறலாமா? மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே கோடை என்பதே சில வாரம்தான். ஈர மண்ணில் ஒருவன் பிரேக்கைப் பிடித்து வழுக்கினால் அந்தத் தடத்தில் செடி மூட வருடக்கணக்காகும். இதனால்தானே காட்டுப் பாதுகாப்புப் பகுதிகளில் சைக்கிளையே தடை செய்திருக்கிறார்கள்?

சரளைக்கல்:
அது அமெரிக்கச் சட்டம் சார், 1964ல் வந்தது. இயந்திரப் போக்குவரத்து கூடாது என்ற அதன் விதிக்குள் சைக்கிளும் வரும். யூகான் எப்போது அமெரிக்காவில் சேர்ந்தது? மண் அரிப்பு பற்றியும் ஒன்று சொல்கிறேன். 1994ல் வெளியான ஓர் ஆய்வில் நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். சக்கரங்களைவிடக் குளம்பும் காலும்தான் மண்ணை அதிகம் பெயர்த்தன. ஆய்வு நடந்தது மொன்டானா மாநிலத்தில், இந்த மொன்டானா மலையில் இல்லை. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மெல்லநட:
மண்ணை விடுங்கள், கரடிக்கு வாருங்கள். அதே மொன்டானா மாநிலத்தில், 2016 ஜூனில், கிளேசியர் தேசியப் பூங்காவை ஒட்டிய பாதையில் வேகமாக வந்த ஒருவர் வளைவு தாண்டியதும் கிரிஸ்லி கரடி மேலேயே மோதிவிட்டார். கரடி தாக்கி இறந்தார். சுதாரிக்க ஓரிரு நொடிகூடக் கிடைத்திருக்காது என்றுதான் விசாரணைக் குழு கணித்தது. கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய்க் காரல் ஸ்பிரேயும் அவரிடம் இல்லை. நடக்கிறவன் பேசிக்கொண்டு போவான், கரடி காது கொடுத்துக் கேட்டு ஒதுங்கிவிடும். சைக்கிள் சத்தமில்லாமல் பறந்து வரும். யூகானிலும் கிரிஸ்லி இருக்கிறது. எந்த ஆய்வை வைத்து இதற்குப் பதில் சொல்வீர்கள்?

ஒற்றையடி:
நியாயமான கேள்வி. பதில் பாதையைப் போடும் விதத்தில் இருக்கிறது. வளைவுகளில் புதரை வெட்டித் தூரம் வரை கண்ணுக்குத் தெரியவைக்கலாம். கரடி விரும்பித் தின்னும் சோப்பெர்ரி அடர்ந்த சரிவை விட்டு வளைந்து போகலாம். பழம் பழுக்கும் நாட்களில் பாதையை மூடலாம். அப்புறம், ஓட்டுகிறவன் வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து வாய்விட்டுக் கத்த வேண்டும். மணி கட்டினால் போதும் என்று நினைப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

கரடிக்காடு:
கத்துவார்களாம்! பழைய சுரங்கச் சாலையில் லாரியில் சைக்கிளை மேலே ஏற்றிவிட்டு, இறக்கத்தில் பறப்பதற்காகவே வருகிறவர்கள் வளைவுக்கு வளைவு நின்று கூவப் போகிறார்களா? இப்போது மோட்டார் வைத்த இ-பைக் வேறு. முன்பு ஏற்றத்திலேயே மூச்சு வாங்கித் திரும்பியவனும் இனிமேல் உச்சி வரை வருவான்.

சரளைக்கல்:
இ-பைக் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. மற்றதில் இல்லை.

கரடிக்காடு:
அது போதும். இருக்கிற பாதை இருந்துவிட்டுப் போகட்டும். மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே இன்னொரு அடிகூட நீட்டக் கூடாது என்பதுதான் என் கோரிக்கை.

ஒற்றையடி:
கோரிக்கையை எங்களிடம் வைத்து என்ன பயன்? அந்த மலை யாருடையதோ, அவர்களிடம் வையுங்கள். அந்தப் பிள்ளைகள் வேலைக்கு எங்கே போவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சுரங்கம் மறுபடி வரட்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.