டி-சர்ட்டில் கூப்பர் பிளாக்: எழுத்துக்குள் துளை அடைக்கிறது, ஃபான்ட்டை மாற்றலாமா?

திருப்பூர் பிரிண்ட்
வணக்கம். சின்ன ஸ்க்ரீன் பிரிண்டிங் யூனிட் நடத்துகிறேன். ஒரு கல்லூரியின் பழைய மாணவர்கள் டி-சர்ட் கேட்டிருக்கிறார்கள். நெஞ்சில் ஆங்கிலத்தில் பேட்ச் பெயர், கூப்பர் பிளாக் ஃபான்ட்டில்தான் வேண்டுமாம். அதன் கீழே சின்னதாக ஊரும் வருடமும், அதுவும் அதே ஃபான்ட். எல்லாம் கேப்பிட்டல். சாம்பிள் அடித்தேன். மேல் வரி சிதறினாற்போல் நிற்கிறது. கீழ் வரியில் ‘ஏ’, ‘ஆர்’ உள்ளே இருக்கும் துளை இங்க்கில் அடைத்துக்கொள்கிறது. வேறு ஃபான்ட் சொல்லிவிடலாமா?

மெஷ் மாஸ்டர்
நிட் துணியில் இங்க் பக்கவாட்டில் பரவும். தடித்த எழுத்தில் அது நேராகத் துளையைத்தான் தின்னும். பாசிட்டிவ் (ஸ்க்ரீன் செய்ய எடுக்கும் ஃபிலிம்) எடுப்பதற்கு முன் ஆர்ட்வொர்க்கிலேயே துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். மேல் வரியைப் பற்றி ஃபான்ட் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

லெட்ராசெட் காலத்து ஆள்
ஃபான்ட்டை மாற்ற வேண்டாம் தம்பி. டி-சர்ட்டுக்கு இதைவிடப் பொருத்தமான செரிஃப் எழுத்து, அதாவது கோட்டு முனையில் சின்னப் பாதம் உள்ள எழுத்து, கிடைப்பது கஷ்டம்.

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் லெட்ராசெட் தாளிலிருந்து எழுத்தைத் தேய்த்து ஒட்டித் தலைப்பு செய்தவன் நான். கூப்பர் பிளாக் தாள் வந்தால் எனக்குக் கொண்டாட்டம்.

இதை வரைந்தவர் சிகாகோவில் இருந்த ஆஸ்வால்ட் கூப்பர். விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைவதுதான் அவர் தொழில். 1922-இல் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பகம் இதை வெளியிட்டது. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. போட்டிக்கு ஒன்று வேண்டும் என்று மோனோடைப் கம்பெனி ஃபிரெடரிக் கௌடியிடம் போய் நின்றது. அவர் வேறு யாருமில்லை, கூப்பருக்கு எழுத்துக் கலை சொல்லிக்கொடுத்த ஆசிரியர். 1925-இல் அவர் வரைந்துகொடுத்ததுதான் கௌடி ஹெவிஃபேஸ்.

எழுத்தின் அடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். தட்டையான பாதமே கிடையாது, எல்லாம் உருண்டை. கேப்பிட்டல் ‘ஓ’வின் துளை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். மெல்லிய கோடு, கூரான முனை எதுவும் இல்லை. போடோனி என்ற ஃபான்ட்டின் தடித்த வகையை எடுத்தால் செரிஃபெல்லாம் மயிரிழை போல இருக்கும். துணியில் அடித்தால் அங்கங்கே விட்டுப்போகும். இதில் விட்டுப்போக ஒன்றுமில்லை. 1970-களில் அமெரிக்காவில் அயர்ன் பண்ணி ஒட்டும் டி-சர்ட் எழுத்துகளுக்கு இது அவ்வளவு ஓடியது. உங்கள் கஸ்டமர் மனதில் இருப்பதும் அந்தத் தோற்றமாகத்தான் இருக்கும்.

சரி, மேல் வரி. கேப்பிட்டலை விடுங்கள். முதல் எழுத்து மட்டும் பெரியது, மற்றதெல்லாம் சின்ன எழுத்து. இந்த ஃபான்ட்டின் அழகு முழுக்கச் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது. ஈசிஜெட் விமானத்தின் பெயரைப் பாருங்கள், நடுவில் வரும் ‘ஜே’ தவிர எல்லாம் சின்ன எழுத்து. அப்புறம், இடைவெளியைக் குறையுங்கள். ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொன்றும் தனிக்கட்டை, ஓரளவுக்கு மேல் நெருக்க முடியாது. எழுத்தைப் போட்டோ போலப் படமெடுத்துக் கோர்க்கும் போட்டோ டைப்செட்டிங் வந்தபிறகுதான் எழுத்தோடு எழுத்து உரசுகிற மாதிரி வைத்தார்கள். நாம் இன்றைக்கு ரசிக்கும் கூப்பர் பிளாக் அந்த நெருக்கம்தான். கெர்னிங்கை, அதாவது இரண்டு எழுத்துக்கு நடுவில் உள்ள இடைவெளியை, கம்ப்யூட்டரிடம் விடாமல் ஒவ்வொரு ஜோடியாகக் கண்ணால் பார்த்து வையுங்கள். தடிமன் போதவில்லை என்று அவுட்லைன் மட்டும் சேர்க்காதீர்கள், தயவுசெய்து. துளை போய்விடும், எழுத்து செத்துவிடும்.

கீழ் வரிக்கு இது வேண்டவே வேண்டாம். இது தலைப்பு எழுத்து. சின்ன அளவில் மாஸ்டர் சொன்ன வைத்தியம் செய்தாலும் மூச்சு முட்டும். ஃப்ரான்சஸ் என்று இலவச ஃபான்ட் இருக்கிறது, கூப்பர் குடும்பத்தையும் பார்த்து வரைந்தது. தடிமன், மென்மை, சிறிய அளவுக்கான வடிவம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். அதில் நடுத்தரத் தடிமன் வையுங்கள்.

திருப்பூர் பிரிண்ட்
ரொம்ப நன்றி ஐயா. இப்போது ஊர்ப் பெயரைத் தமிழில் போடலாமா என்கிறார்கள். கூப்பர் பிளாக் மாதிரியே தமிழ் ஃபான்ட் உண்டா?

லெட்ராசெட் காலத்து ஆள்
தாராளமாகத் தமிழில் போடுங்கள். ஆனால் செரிஃப் தேடாதீர்கள். நம் எழுத்துக்கு அப்படிப் பாதம் கிடையாது, ஒட்டவைத்தால் கோரமாக இருக்கும். உருண்டையும் கனமும் ஒத்துப்போனால் போதும். பலூ தம்பி போட்டுப் பாருங்கள், அதுவும் இலவசம். தடிமனை ஒரு படி இறக்குங்கள், இல்லாவிட்டால் ‘ஞ’, ‘ணு’ போன்ற சுழிகளில் இதே தொல்லை வரும்.

மெஷ் மாஸ்டர்
அந்தச் சுழி உள்ள எழுத்துகளை முதலில் வேஸ்ட் துணியில் அடித்துக் காயவைத்துப் பார்த்துவிட்டு ஆர்டரைத் தொடங்குங்கள்.